பாத்திமா பீ, பாத்திமா பீவி, பாத்திமா பேகம்

ஆதாரில் பாத்திமா பீவி. ரேஷன் கார்டில் பாத்திமா பீ. பள்ளிச் சான்றிதழில் எம். பாத்திமா. நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) பாத்திமா பேகம். வாக்காளர் பட்டியலில் 'பாத்திமா பி', அதுவும் கணவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மாமனார் பெயர். இத்தனையும் ஒரே பெண். திருவல்லிக்கேணி, மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை, பெரியமேடு என்று எந்தப் பகுதியின் பட்டியலைப் புரட்டினாலும் இந்த மாதிரிப் பதிவுகள் கண்ணில் படும்.

முஸ்லிம் பெண்களின் உரிமை என்று பேச்சு எடுத்தால் உடனே தலாக், பர்தா என்று போய்விடுகிறோம். அதெல்லாம் பேச வேண்டியதுதான், கீழே வருகிறேன். ஆனால் உரிமை முதலில் கைநழுவுவது இந்தப் பெயரில், இந்தக் காகிதத்தில். காகிதம் யார் பெயரில் இருக்கிறது, யார் பீரோவில் இருக்கிறது என்பதுதான் பாதி வழக்குகளின் தலையெழுத்து.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே எழுதச் சொன்னார்கள். அப்படி ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடைசிவரை சொந்தப் பெயர் கொடுக்காத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நம் சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, இந்தியாவில் முதல் மாகாணமாக. ஆனால் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்குத்தான். அங்கேயும் கேள்வி, சொத்து யார் பெயரில்?

நம் வீட்டு ஆண்கள் வேலை பார்க்கும் நாடுகளைப் பாருங்கள். குவைத்தில் 1999இல் அமீர் கொண்டுவந்த ஆணையை நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. 2005 மே 16 அன்றுதான் 35க்கு 23 என்ற வாக்கில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 2009இல் நான்கு பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். சவூதியில் நகராட்சித் தேர்தலில் பெண்கள் முதன்முதலில் வாக்களித்தது 2015 டிசம்பர் 12. ஆண்களில் பதிவு செய்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல், பெண்கள் சுமார் 1,30,000 பேர். ஏன் அவ்வளவு குறைவு? ஒரு முக்கியக் காரணம், முகவரிச் சான்று. வீட்டுப் பத்திரமும் மின் கட்டண ரசீதும் தகப்பன் பெயரிலோ கணவன் பெயரிலோ இருந்தன. பதிவு மையத்துக்குப் போகக் கார் ஓட்டவும் அப்போது பெண்ணுக்கு அனுமதி இல்லை, அது 2018 ஜூனில்தான் வந்தது. மன்னர் கொடுத்த உரிமையை மின் ரசீது நிறுத்தி வைத்தது என்றே சொல்லலாம்.

சென்னையில் அந்த முகவரிச் சிக்கலுக்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6இல், சான்று விண்ணப்பிக்கும் பெண் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் தாய், தகப்பன், கணவர், வயதுவந்த பிள்ளை, இவர்களில் ஒருவர் பெயரில் இருந்தாலும் போதும். உறவினர் பெயர் என்ற கட்டத்தில் திருமணமான பெண் கணவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தகப்பனார் பெயரோ தாயார் பெயரோ போடலாம். என்னைக் கேட்டால் தகப்பனார் பெயரே நல்லது. அது எந்தக் காலத்திலும் மாறப்போவதில்லை.

18 வயதுக்குக் கணக்கிடும் தேதி வருடத்துக்கு ஒன்று என்று இருந்தது, 2022 முதல் நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்கலாம். கல்லூரியில் சேர்ந்த கையோடு கொடுத்துவிடுங்கள். நிக்காஹ் முடிந்து வேறு வீட்டுக்குப் போன பிறகு முதல்முறையாகப் பதிவு செய்யலாம் என்று விட்டால் தாய்வீட்டு ஆவணம் எதுவும் கையில் இருக்காது.

கல்யாணமாகி வீடு மாறியவர்கள் செய்யும் பெரிய தவறு, புகுந்த வீட்டில் மறுபடி படிவம் 6 கொடுப்பது. 'புதிய வாக்காளர்' என்று கையெழுத்துப் போட்டால், தாய்வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கும்போது அது பொய் உறுதிமொழி. 1950 ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. மாறவேண்டியது படிவம் 8இல். முகவரி மாற்றம், பெயர் எழுத்துத் திருத்தம், படம் மாற்றம், தொலைந்த அட்டைக்கு மறு அட்டை எல்லாமே இப்போது அந்த ஒரே படிவம்தான். பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம்) கொடுக்கலாம், இணையத்தில் போடலாம், 1950 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இந்தப் பெயர் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பழைய பட்டியலில் தன் பெயர் இருந்த விவரம் கேட்டார்கள். இல்லையென்றால் தாய் தகப்பன், அல்லது பாட்டன் பாட்டி விவரம். கணவர் வீட்டார் விவரம் அந்த இடத்துக்கு ஆகாது. வாணியம்பாடியில் பிறந்து பெரியமேட்டில் வாழ்க்கைப்பட்ட பெண், பிறந்த ஊர்ப் பட்டியலின் தொகுதி, பாகம் எண், வரிசை எண்ணைத் தேட வேண்டியிருந்தது. வாப்பா, உம்மாவுடைய அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி உங்கள் கோப்பில் வையுங்கள். மறுபடி எப்போது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

பெயரை ஒன்றாக்குவது எப்படி? பீ, பீவி, பேகம், நாச்சியா, கனி எல்லாம் மரியாதைக்கும் பாசத்துக்கும் ஒட்டிக்கொண்ட வால்கள். எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதிவிடுவார், கம்ப்யூட்டர் அதை வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். முதலில் எதை அடிப்படையாக வைப்பது என்று முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டோ பள்ளிச் சான்றிதழோ இருந்தால் அதில் உள்ளபடி. ஏனென்றால் மாற்றக் கடினமானது அதுதான். அடுத்து ஆதார். அதில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்துக்கூட்டலையும் நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டு விரலை வையுங்கள். அதன்பிறகு படிவம் 8, பிறகு வங்கிக் கணக்கு, கடைசியாக பான். வால் மட்டும் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்தால் பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம். பெயரே வேறு என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும்.

படத்துக்கு வருவோம். வாக்காளர் பட்டியலில் கோஷாப் பெண்களின் (பர்தா முறையில் இருப்பவர்களின்) படம் கூடாது என்று ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கோஷா என்ற சொல் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறோம். 2006இல் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. படம் கட்டாயம். முக்காடு இருக்கலாம், நெற்றியிலிருந்து முகவாய் வரை முகம் தெரிய வேண்டும். நிகாப் (முகத்திரை) போட்ட படம் நிராகரிக்கப்படும். வீட்டில் மகளோ தங்கையோ வெள்ளைச் சுவர் முன் நிறுத்தி எடுத்த படமே போதும், ஸ்டூடியோ போகத் தயங்குகிறவர்கள் இப்படிச் செய்யலாம்.

இனி வாக்குச்சாவடி. பலர் பயப்படுவது இங்கேதான். உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் அலுவலர் அடையாள ஆவணத்தைப் பார்த்து, பட்டியலில் உள்ள பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பிரதியில் குறித்துக்கொள்வார்கள். அடுத்த அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டு தருவார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை இயக்கிவிடுவார். நீங்கள் மறைவுக்குள் போய்ப் பொத்தானை அழுத்துகிறீர்கள், நீங்கள் தேர்ந்த சின்னம் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிறது.

முகம் காட்ட வேண்டியது முதல் மேசையில்தான். பர்தாவைக் கழற்ற வேண்டாம், ஹிஜாபை (தலை முக்காட்டை) எடுக்க வேண்டாம். முகத்திரையை மட்டும் விலக்க வேண்டும், அதுவும் அலுவலரிடம். முகம் மறைக்கும் பெண்கள் நிறைய உள்ள சாவடிகளில், பெண் அலுவலர் ஒருவர் தனி மறைவில் அடையாளம் பார்த்து மை வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கான கையேட்டிலேயே இருக்கிறது. அந்த மறைவுக்குச் செலவே வேண்டாம், துணியோ கயிற்றுக் கட்டிலோ வைத்துச் செய்யலாம் என்றுகூட அதில் எழுதியிருக்கிறார்கள். பெண் உதவியாளரை நியமிக்க 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 34ஆம் விதி இடம் தருகிறது. ஆக, "ஒரு பெண் அலுவலர் பார்க்கட்டும்" என்று சாவடியில் சொல்வது சலுகை கேட்பது ஆகாது. நடைமுறையில் தவறுவது எங்கே என்றால், அந்தச் சாவடிக்குப் பெண் அலுவலரே போடப்படாமல் இருப்பது. அதை வாக்குப்பதிவு அன்று காலையில் கண்டுபிடித்துப் பயனில்லை. சில நாள் முன்னதாகவே தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு, எந்தப் பாகத்தில் நிகாப் அணிபவர்கள் அதிகம் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

கட்சி ஏஜெண்ட் "திரையை எடு" என்று சொல்ல முடியாது. அவருக்குச் சந்தேகம் என்றால் 2 ரூபாய் கட்டித் தலைமை அலுவலரிடம் ஆட்சேபம் எழுப்பலாம். அவர் விசாரித்து முடிவு சொல்வார், ஆட்சேபம் வீண் என்றால் அந்த 2 ரூபாயும் போய்விடும். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைப் பார்த்து ஓர் ஏஜெண்ட் கூச்சலிட்டார். மற்றக் கட்சி ஏஜெண்டுகளே எதிர்த்தார்கள், அவர்தான் வெளியேற்றப்பட்டார், வாக்குப்பதிவு தொடர்ந்தது. ஹிஜாப் முகத்தை மறைப்பதே இல்லை, அங்கே ஆட்சேபத்துக்கு இடமே கிடையாது.

வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற 12 ஆவணங்களில் ஒன்று. ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் தனியாகச் செல்லாது. இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நின்று திரும்பிப் போகும் பெண்கள் உண்டு. அட்டையில் பீ, பட்டியலில் பீவி என்ற அளவுக்கு எழுத்துப் பிழை இருந்தால், ஆள் இவர்தான் என்று தெரிகிறபட்சத்தில் அலுவலர் அனுமதிக்க வேண்டும். திரும்பிவிடாதீர்கள், தலைமை அலுவலரைக் கேளுங்கள். 'உங்கள் ஓட்டை ஏற்கெனவே போட்டாயிற்று' என்றாலும் திரும்பிவிடாதீர்கள். அடையாளத்தை நிரூபித்தால் தனிக் காகிதச் சீட்டில் வாக்களிக்க விடுவார்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது, தேர்தல் வழக்கு வந்தால்தான் எடுப்பார்கள். ஆனாலும் கள்ள ஓட்டு விழுந்ததற்கு அதுதான் எழுத்துச் சாட்சி.

கணவரோ மகனோ மறைவுக்குள் கூட வரக் கூடாது. கண் தெரியாதவர், உடல் இயலாதவருக்கு மட்டும்தான் துணை. எழுதப் படிக்கத் தெரியாது என்பது துணைக்குக் காரணமாகாது. யாருக்குப் போட்டாய் என்று வீட்டில் கேட்டால் சொல்ல வேண்டாம், நீதிமன்றமே கேட்டாலும் சொல்லத் தேவையில்லை என்கிறது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு. வேட்பாளரோ அவர் சம்மதத்துடன் வேறு யாரோ 'இன்னாருக்குப் போடாவிட்டால் ஜமாத்தை விட்டு விலக்குவோம்' என்று மிரட்டுவது அதே சட்டத்தின் 123ஆம் பிரிவில் முறைகேடு. ஊர் விலக்கம் என்பதை அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கணவரை இழந்து இத்தாவில் (மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலத்தில்) இருப்பவருக்குத் தபால் வாக்கு கிடையாது. தேவைக்காகப் பகலில் போய்வர ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மார்க்கச் சட்ட வழிகளிலும் இடமுண்டு, உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிக்காஹ். தஃப்தரில் எழுதும் அந்தச் சில நிமிடம் பெண் வேறு அறையில் இருப்பாள். வக்கீலும் (இங்கே பெண்ணின் பிரதிநிதி) இரண்டு சாட்சிகளும் வந்து சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கிப் போவார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைப் படியுங்கள்: உங்கள் பெயர், மஹர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டியது) தொகை, மஹர் கொடுத்தாயிற்றா பாக்கியா என்ற இடம். மஹரை ரூபாயில் எழுதுவதை நான் ஒப்புவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் 1001 ரூபாய் என்று எழுதியவருக்கு இன்று அதில் என்ன கிடைக்கும்? கிராம் கணக்கில் தங்கமாக எழுதுங்கள், அல்லது அன்றே கையில் வாங்குங்கள். வராத மஹரைக் கைக்கு வந்ததாக எழுதச் சம்மதிக்காதீர்கள், பிறகு நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல் உங்களுக்கு எதிராக நிற்கும். நியாயமான நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். கணவர் இரண்டாம் திருமணம் செய்தால் மனைவியே பிரிந்துகொள்ளும் அதிகாரம் அவற்றில் ஒன்று, தலாக்கே தஃப்வீஸ் என்று ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) பெயரே உண்டு.

ஜமாத் சான்றிதழோடு நிற்காமல் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள். விருந்து, மறுவீடு, கணவர் வெளிநாடு திரும்பும் அவசரம் என்று இந்த நாட்கள் ஓடிவிடும். அசல் உங்கள் கையில், நகல் தாய்வீட்டில்.

பிரிவு என்று வந்தால் குழப்பம் அதிகம். ஒரே மூச்சில் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று சொன்னது. 2019 சட்டத்தில் அது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், புகாரை மனைவியோ அவர் உறவினரோதான் கொடுக்க முடியும். முறையான தலாக்குக்கும் நியாயமான காரணமும், இரு தரப்பிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து சமரசம் பேசியதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது 2002 ஷமீம் ஆரா தீர்ப்பு. வாட்ஸ்அப்பில் வந்த தலாக்கை அழிக்காமல் வையுங்கள், அது சாட்சியம்.

காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து, சட்ட வலு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் வக்ஃப் வாரியத் தலைவராக இருந்த பதர் சயீத். 2023இல் அதே நீதிமன்றம், பெண் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்கலாம், ஆனால் ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றம் போக வேண்டும் என்றது. இந்தச் சான்றிதழை நம்பி மறுமணம் செய்த பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். முன்னாள் கணவர் ஒரு மனு போட்டால் போதும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் மாற்றுவதிலிருந்து எல்லாம் சிக்கும். ஜமாத்தில் சமரசம் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் முடிவை நீதிமன்ற ஆணையாக வாங்குங்கள்.

அதற்கு 1939ஆம் ஆண்டே ஒரு நல்ல சட்டம் வந்துவிட்டது, முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். கணவர் இருக்குமிடம் 4 ஆண்டாகத் தெரியாவிட்டால், 2 ஆண்டு செலவுக்குக் கொடுக்காவிட்டால், 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால், 3 ஆண்டு இல்லறக் கடமை தவறினால் பெண் வழக்குப் போடலாம். அடி உதை மட்டும் கொடுமை இல்லை. மனைவியின் சொத்தை விற்பதும், அவள் தன் சொத்தை ஆளவிடாமல் தடுப்பதும் அந்தச் சட்டத்தில் கொடுமைதான். நகையை அடகு வைத்துத் திருப்பித் தராத வழக்குகள் இதன் கீழ் வரும். காணாமல் போனவர் வழக்கில் தீர்ப்பு வந்தாலும் 6 மாதம் கழித்துத்தான் அமலாகும், அதற்குள் மறுமணம் பேசாதீர்கள். செலவுக்குக் கொடுக்கவில்லை என்ற வழக்கில், சபுரில் (வெளிநாட்டில்) இருக்கிற கணவர் மாமியார் கணக்குக்குப் பணம் அனுப்பினேன் என்பார். உங்கள் பெயரில் கணக்கும் பாஸ்புக்கும் இருந்து அதில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

ஜீவனாம்சம் கேட்கப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 1986 முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டத்தின்படி இத்தா காலத்துக்குள் வருங்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 2001 டேனியல் லத்தீஃபி தீர்ப்பு. வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். பெண் என்றால் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100க்குப் பேசலாம், உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் கேட்கலாம்.

சொத்துக் கணக்கு: கணவர் இறந்து மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் 24 பங்கில் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. 1937 ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது, சென்னை மாகாணம் 1949இல் திருத்தி அதையும் சேர்த்துவிட்டது. 'நஞ்சை புஞ்சையில் பெண்ணுக்கு இல்லை' என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் அது தவறு. அந்த 7 பங்கு போவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில். அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார், கல்யாணத்துக்குச் செய்தோமே என்கிறார், தங்கை போட்டுவிடுகிறாள். செய்த சீர் வேறு, பங்கு வேறு.

மகளுக்கு நிச்சயமாகக் கொடுக்க நினைக்கும் தகப்பனுக்கு ஹிபா (உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம்) இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பது காலகாலமாக உள்ள வழக்கம்தான். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அவள் ஏற்க வேண்டும், உயிரோடு இருக்கும்போதே சுவாதீனம் கொடுக்க வேண்டும். மூன்றாவதில்தான் பல ஹிபாக்கள் உடைகின்றன: வாயால் கொடுத்துவிட்டு வரி ரசீது கடைசிவரை வாப்பா பெயரிலேயே போய்க்கொண்டிருக்கும். வாய்மொழி ஹிபா செல்லும் என்றாலும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அந்த மாதமே சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு மூன்றையும் மகள் பெயருக்கு மாற்றுங்கள், ஆதாரில் உள்ள அதே எழுத்தில், பாத்திமா பீவி என்று.